பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்குக் கட்டுமானத் தொழிற்பயிற்சி: நிதி திரட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பில் தோற்றோ, தேர்வே எழுதாமலோ நின்றுவிட்ட பையன் அடுத்த வாரமே யாராவது மேஸ்திரியோடு சித்தாள் வேலைக்குப் போய்விடுகிறான். சனிக்கிழமை மாலை கூலி கைக்கு வருகிறது. அதில் ஒரு பகுதியை வீட்டில் கொடுக்கிறான். அன்றிலிருந்து அவன் சம்பாதிக்கும் பிள்ளை. அவனை மறுபடி ஒரு வகுப்பறையில் உட்காரவைக்க நினைப்பவர்கள், தங்களுக்குப் போட்டியாக நிற்பது அந்தச் சனிக்கிழமைக் கூலி என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். இலவசப் பயிற்சி, இலவசச் சீருடை, இலவசச் சான்றிதழ் என்று எத்தனை இலவசம் சொன்னாலும், ஆறு மாதம் வீட்டுக்குப் பணம் கொடுக்காமல் இருக்க அவனால் முடியாது.

ஆகவே பயிற்சிக் காலத்தில் பிள்ளையின் வயிற்றுக்கும் வீட்டுக்கும் என்ன வழி என்பதில்தான் நிதித் திட்டம் தொடங்க வேண்டும். கட்டடம், கணினி, பெயர்ப்பலகை எல்லாம் அதற்குப் பிறகு. தமிழ்நாட்டில் ஓர் அறக்கட்டளையோ சங்கமோ ஊர் இளைஞர் குழுவோ இப்படி ஒரு பயிற்சியைத் தொடங்க நினைத்தால் எந்தச் செலவுக்கு யாரிடம் பணம் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்யுங்கள்

வயதை வைத்தே உங்கள் திட்டத்தின் வடிவம் அமையும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்ய 18 வயது நிறைந்திருக்க வேண்டும். தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டமும் அபாயமான தொழில்களுக்கு 18 வயதையே கேட்கிறது. எனவே சாரம் ஏறுவது, கான்கிரீட் போடுவது, பள்ளம் தோண்டுவது போன்ற தள வேலைகளை 18 நிறைந்தவர்களுக்கு மட்டும் என்று எழுத்திலேயே வைத்துவிடுங்கள். 16, 17 வயதுப் பிள்ளைகள் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். அவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான படிப்பை முதன்மையாக வைத்து, பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே அளவு எடுப்பது, வரைபடம் படிப்பது, செங்கல் வரிசை வைத்துப் பழகுவது என்ற அளவில் நிறுத்துங்கள். அரசு ஐ.டி.ஐ.களில் வெல்டர், ஒயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அந்த வயதுப் பிள்ளைக்கு அதுவே நல்ல வழி என்றால் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். உங்கள் எண்ணிக்கை ஒன்று குறைவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பிள்ளைகளைத் தேட விளம்பரம் உதவாது. நின்றுபோனவர்கள் யார் யார் என்பது பள்ளித் தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தெரியும். ஊரில் எந்த மேஸ்திரியோடு எந்தப் பையன் போகிறான் என்பது டீக்கடையில் தெரியும். இரண்டு இடத்திலும் கேளுங்கள். நிதி கேட்கும் விண்ணப்பத்தில் மாவட்டப் புள்ளிவிவரத்தைவிட, வீடு வீடாகப் போய் நீங்களே எடுத்த பட்டியலுக்கு மதிப்பு அதிகம். பெயர், கடைசியாகப் படித்த வகுப்பு, நின்ற காரணம், இப்போது செய்யும் வேலை, வாங்கும் கூலி என்ற ஐந்தும் போதும். நிதி தருபவர்களிடம் பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

பெண்களை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் கட்டட வேலைக்குப் போகும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் சித்தாளாகவே இருந்துவிடுகிறார்கள். கரண்டியை அவர்கள் கையில் யாரும் கொடுப்பதில்லை. பூச்சு, டைல்ஸ் பதித்தல், வண்ணம் அடித்தல், மின்வேலை என எல்லாவற்றையும் அவர்களால் செய்ய முடியும். கழிப்பறை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இருட்டும் முன் வீடு சேர வண்டி என்ற மூன்றையும் செலவுத் திட்டத்தில் முதலிலேயே சேர்த்துவிட்டால் பெண்கள் வருவார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வரமாட்டார்கள்.

இரண்டாம் படி: படிப்பையும் தொழிலையும் பிரிக்காதீர்கள்

அமெரிக்காவில் இதே நோக்கத்தோடு நடக்கும் யூத்பில்ட் திட்டத்தைப் பார்ப்பது பயன் தரும். 1978இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் டோரதி ஸ்டோன்மன் தொடங்கிய முயற்சி அது. அப்பகுதி இளைஞர்கள் பாழடைந்த ஒரு கட்டடத்தைப் பழுதுபார்த்ததில் தொடங்கி, 1992இல் கூட்டாட்சி அரசின் சட்டத்தில் இடம்பெற்றது. இப்போது அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் கீழ் 16 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கு நடக்கிறது. அங்கே பயிற்சி நேரத்தில் குறைந்தது பாதி படிப்புக்குப் போக வேண்டும். குறைந்தது 40 சதவீதம் தொழிற்பயிற்சிக்கு. ஏழைகளுக்கான வீடுகளைக் கட்டியே தொழில் கற்கிறார்கள். பயிற்சி முடிந்த பிறகும் ஓராண்டு தொடர்பில் இருக்க வேண்டும். மானியம் பெறும் அமைப்பு அதன் மதிப்பில் 25 சதவீதத்தை வேறிடத்திலிருந்து திரட்டிக் காட்ட வேண்டும். நம் ஊருக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், பாதி நேரம் படிப்பு, ஓராண்டுத் தொடர்பு என்ற இரண்டையும் நான் விடமாட்டேன்.

தொழில் மட்டும் கற்றுக்கொடுத்தால் அவன் நல்ல கொத்தனாராவான். பத்தாம் வகுப்புச் சான்றும் சேர்ந்தால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், மேற்பார்வையாளர் வேலை என்று அடுத்த கதவுகள் திறக்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதவைப்பதையே நான் முதலில் சொல்வேன். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். மாற்றுச் சான்றிதழ் பழைய பள்ளியிலேயே கிடக்கும், அதையும் வாங்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறலாம். ஆனால் தமிழக அரசு வேலைக்கு அந்தச் சான்று ஏற்கப்படுமா என்பதைச் சேர்க்கும் முன்பே விசாரித்துப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

படிப்பும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். சுவர் எழுப்பும் முன் மூலை மட்டம் பார்க்க மேஸ்திரி நூலைக் கட்டுவார். ஒரு பக்கம் 3 அடியில் ஒரு குறி, மறு பக்கம் 4 அடியில் ஒரு குறி. குறுக்கே டேப்பைப் பிடித்தால் சரியாக 5 அடி வர வேண்டும். ஓர் அங்குலம் கூடினாலும் மூலை விரிந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் தரையில் குந்தி இதைச் செய்து பார்த்த பையனுக்கு, மாலையில் கணக்கு ஆசிரியர் பிதாகரஸ் தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதும்போது அது புரியாமல் போகாது. ஒன்றுக்கு ஆறு, ஒன்றுக்கு நான்கு என்ற சிமென்ட் கலவைதான் விகிதப் பாடம். பள்ளியில் எந்தப் பாடத்தில் தோற்றானோ அதை அவன் கை ஏற்கெனவே அறிந்துகொண்டிருக்கும். ஆசிரியரையும் மேஸ்திரியையும் வாரம் ஒரு முறை சேர்த்து உட்காரவைத்து அடுத்த வாரப் பாடத்தைத் திட்டமிடச் சொல்லுங்கள். இதற்குத் தனியாகச் செலவு கிடையாது.

மூன்றாம் படி: செலவுத் திட்டம்

கீழே இருப்பது 20 பேருக்கு ஆறு மாதப் பயிற்சி, அதன்பின் ஓராண்டுத் தொடர்பு என்று வைத்துப் போட்ட மாதிரிக் கணக்கு. தொகைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எந்தத் தலைப்பும் விட்டுப்போகக்கூடாது என்பதே முக்கியம்.

உதவித்தொகை, நாளுக்கு 200 ரூபாய் வீதம் மாதம் 25 நாள்: 6,00,000
மதிய உணவு, ஆளுக்கு 50 ரூபாய்: 1,50,000
பயிற்றுநர்களாக இரண்டு மேஸ்திரிகள், மாதம் 30,000 வீதம்: 3,60,000
பகுதிநேர ஆசிரியர்கள் இருவர், மாதம் 12,000 வீதம்: 1,44,000
செங்கல், சிமென்ட், எம்.சாண்ட், கம்பி, டைல்ஸ்: 2,50,000
கருவிகள், தலைக்கவசம், காலணி, கையுறை, ஆளுக்கு 6,000: 1,20,000
இட வாடகை, மின்சாரம்: 90,000
தேர்வுக் கட்டணம், திறன் மதிப்பீடு: 40,000
விபத்துக் காப்பீடு, முதலுதவி: 20,000
ஒருங்கிணைப்பாளர், 18 மாதத்துக்கு மாதம் 22,000: 3,96,000
கணக்கு, தணிக்கை, அலுவலகம்: 80,000

மொத்தம் 22,50,000 ரூபாய். ஆளுக்கு 1,12,500. இதில் உதவித்தொகை, உணவு, ஒருங்கிணைப்பாளர் மூன்றும் சேர்ந்து 11,46,000, அதாவது பாதிக்கு மேல். பெண்கள் இருந்தால் குழந்தைப் பராமரிப்பும் வண்டியும் இதற்கு மேல் வரும்.

200 ரூபாய் சித்தாள் கூலிக்கு ஈடாகாது என்பது உண்மைதான். ஈடாக்கவும் தேவையில்லை. பஸ்ஸுக்குப் போக மிச்சம் வீட்டில் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தத் தொகையை மாதக் கடைசியில் கொடுத்தால் வேலைக்காகாது. கட்டட வேலையில் கூலி சனிக்கிழமை. நீங்களும் சனிக்கிழமையே கொடுங்கள், வராத நாளுக்குப் பிடித்துக்கொண்டே கொடுங்கள்.

விபத்துக் காப்பீட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். வங்கிக் கணக்கு தொடங்கும்போதே 18 நிறைந்த ஒவ்வொருவரையும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அது மட்டும் போதாது. மருத்துவச் செலவையும் உள்ளடக்கிய குழு விபத்துக் காப்பீடு ஒன்றைத் தனியாக எடுங்கள்.

நான்காம் படி: எந்தச் செலவை யார் தருவார்கள்

இங்கேதான் பலரும் திணறுகிறார்கள். மொத்தத் தொகையையும் தரும் ஒரே புரவலரைத் தேடி மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஒவ்வொரு நிதிக்கும் ஒரு விதி உண்டு. சில செலவுகளுக்கு அது பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. செலவுகளைப் பிரித்து, பொருந்தும் நிதியோடு சேர்ப்பதே வழி.

அரசின் திறன் பயிற்சித் திட்டங்கள். மாநிலத்தில் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், மத்தியில் பிரதமரின் கௌஷல் விகாஸ் திட்டம், ஊரகப் பகுதி இளைஞர்களுக்கு தீனதயாள் உபாத்யாய கிராமீன் கௌஷல்ய திட்டம். இவை பயிற்றுநர் செலவையும் மூலப்பொருளையும் மதிப்பீட்டுக் கட்டணத்தையும் தாங்கக்கூடியவை. பணம் தவணையாக வரும். கடைசித் தவணை சான்றிதழோடும் வேலையோடும் கட்டப்பட்டிருக்கும். அதுவரை கைப்பணம் போட்டு நடத்தச் சிறிய அமைப்பால் முடியாது. பயிற்சி மைய அங்கீகாரத்துக்கான இடவசதி நிபந்தனைகளும் கடுமை. ஆகவே முதலில் பயிற்சிக்கு எடுக்கும் இரண்டு அணிகளுக்கு, ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக்கோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிச் சான்று அவர்கள் பொறுப்பு. பிள்ளைகளைத் திரட்டுவது, தக்கவைப்பது, படிக்கவைப்பது உங்கள் பொறுப்பு.

ஊரக வீட்டு வசதித் திட்டங்களையும் பாருங்கள். மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் கொத்தனார்களுக்கான பயிற்சி உண்மையான ஒரு வீட்டைக் கட்டியபடியே 45 நாள் நடக்கும் வகையில் வகுக்கப்பட்டது. மாநிலத்தின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்திலும் கிராமந்தோறும் வீடுகள் எழும்புகின்றன. வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்த்து, பயனாளிகளின் வீடுகளில் மேஸ்திரி மேற்பார்வையோடு உங்கள் பிள்ளைகள் வேலை செய்ய வழி கேளுங்கள். மூலப்பொருள் செலவில் பெரும்பகுதி குறையும்.

நலவாரியம். கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அந்த ஏற்பாடு வந்துவிட்டது. இந்தப் பணத்தை மாநிலங்கள் தேக்கிவைத்திருப்பதை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியும் ஏறத்தாழ 9,500 கோடிதான் செலவாகியிருந்தது. தமிழ்நாட்டில் மத்தியச் சட்டத்துக்கு முன்பே, 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் வாரியம் அமைந்துவிட்டது. பதிவு பெற்றவர்களுக்குத் திறன் பயிற்சி தருவதும், பயிற்சி நாள்களில் ஊதிய இழப்பை ஈடுகட்டுவதும் இங்கே நடந்திருக்கின்றன. உங்களிடம் வரும் 18 வயதுக்காரன் ஏற்கெனவே சித்தாள் வேலை செய்தவன் என்றால் முதல் வேலையாக அவனைப் பதிவு செய்யுங்கள். முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்தது காட்ட வேண்டும். அவனுடைய அப்பாவோ அம்மாவோ பதிவு பெற்றவராக இருந்தால் பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. படிப்புக்கான கல்வி உதவியும் கிடைக்க வாய்ப்பு உண்டு. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். யாருக்கும் தரகு கொடுக்க வேண்டாம்.

நிறுவன சமூகப் பொறுப்பு நிதி. சி.எஸ்.ஆர். என்றால்தான் எல்லோருக்கும் புரியும். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தப் பணிகளுக்கு இதைச் செலவிடலாம் என்று அந்தச் சட்டம் பட்டியலிடும் அட்டவணை ஏழிலேயே வேலைவாய்ப்பைப் பெருக்கும் தொழிற்கல்வி இருக்கிறது. உதவித்தொகை, உணவு, ஒருங்கிணைப்பாளர் ஊதியம் என்று மற்றவர்கள் தராத செலவுகளை இதற்குள் வையுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

பெரிய பெயர்களின் பின்னாலேயே போக வேண்டாம். 5 கோடி லாபம் பார்க்கும் நிறுவனங்கள் திருப்பூரிலும் கரூரிலும் ஓசூரிலும் சிவகாசியிலும் இருக்கின்றன. அவற்றின் ஆண்டு சி.எஸ்.ஆர். தொகை சில லட்சங்களாக இருக்கும். 50 லட்சத்தைத் தாண்டாதவரை தனியாகக் குழுகூட அமைக்கத் தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். அங்கே உங்களைச் சந்திப்பவர் முதலாளியாகவே இருப்பார். அவரைப் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துவந்து அரை மணி நேரம் நிற்கவைத்தால் போதும். பல ஆண்டுத் திட்டமாக எழுதுங்கள். தொடங்கிய ஆண்டு போக மூன்று நிதியாண்டு வரை நீளும் திட்டத்தை விதி அனுமதிக்கிறது. 18 மாதக் கணக்கை வெட்டாமல் கேட்க இதுவே துணை.

எச்சரிக்கை ஒன்று. ஒரு கட்டுமான நிறுவனம் தன் சொந்தத் தளத்துக்கு ஆள் தயாரிக்க மட்டும் தருகிற பணம் சி.எஸ்.ஆர். கணக்கில் நிற்காது. வழக்கமான தொழில் நடவடிக்கையும், தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதும் விலக்கப்பட்டவை. பிள்ளை எங்கே வேண்டுமானாலும் வேலைக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிள்ளைக்கும் அதுதான் நல்லது.

கட்டுநர்களும் வியாபாரிகளும். உள்ளூர்க் கட்டுநர் சங்கம், பொறியாளர் சங்கம், ஹார்டுவேர் கடை, டைல்ஸ் ஷோரூம், சிமென்ட் முகவர். இவர்களிடம் பணத்தைவிடப் பொருளைக் கேட்பது எளிது. உடைந்த டைல்ஸ், வெட்டி மிஞ்சிய கம்பி, பழைய சென்ட்ரிங் பலகை எல்லாம் பயிற்சிக்குப் போதும். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் தேதி, அளவு, மதிப்பு எழுதி ரசீது கொடுங்கள். பிறகு பெரிய நிதி கேட்கும்போது ஊர் தந்த பங்கு இவ்வளவு என்று காட்ட அது உதவும்.

தொழிற்பழகுநர் திட்டம். ஆறு மாதம் முடிந்தபின் பிள்ளையை நிறுவனம் ஒன்றில் தொழிற்பழகுநராகச் சேர்த்தால், அவனுடைய உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் உச்சவரம்போடு, மத்திய அரசு அவன் கணக்கிலேயே செலுத்தும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை வைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவை. மனிதவள அலுவலரிடம் பேசும்போது உதவி கேட்கும் குரலில் பேச வேண்டாம். அவர் நிறைவேற்ற வேண்டிய ஒரு கடமைக்கு நீங்கள் ஆள் தருகிறீர்கள்.

வெளிநாட்டுப் பணம். அன்னியப் பங்களிப்புப் பதிவுக்கு மூன்றாண்டுச் செயல்பாடும் 15 லட்சம் ரூபாய்ச் செலவுக் கணக்கும் வேண்டும். அந்தப் பதிவு பெற்ற ஒரு பெரிய அமைப்பு உங்களுக்குப் பிரித்துத் தருவதையும் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. புதியவர்கள் இதை மறந்துவிடலாம். ஆனால் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் உங்கள் ஊர்க்காரர் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அன்னியப் பங்களிப்பு ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். கடவுச்சீட்டு நகலை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே பணம் பெறுங்கள்.

பயிற்சியிலேயே வருமானம். பள்ளிச் சுற்றுச்சுவர், அங்கன்வாடிப் பூச்சு வேலை போன்ற சிறு வேலைகளை எடுத்துச் செய்யலாம். ஆனால் பிள்ளைகளின் உழைப்புக்குக் கட்டணம் வாங்கினால் அன்றைக்கு அவர்களுக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக்கூடாது. பயிற்சி என்ற பெயரில் இலவச உழைப்பை வாங்குவது இந்தத் தொழிலில் புதிதல்ல. அதிலிருந்து மீட்கத்தான் இந்தப் பிள்ளைகளை அழைத்திருக்கிறோம்.

ஐந்தாம் படி: காகிதங்கள்

அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கமற்ற எட்டாம் பிரிவு நிறுவனம் இவற்றில் ஏதாவது ஒன்றின் பதிவு. நிரந்தரக் கணக்கு எண். வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகள். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். பணம் வாங்க நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும் வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். இதே போன்ற பணியில் மூன்றாண்டு அனுபவத்தையும் விதி கேட்கிறது. புதிய அமைப்பு என்றால், அனுபவமுள்ள ஓர் அறக்கட்டளை பணத்தைப் பெற்றுச் செயல்படுத்தும்படியும், உங்கள் குழு அதன்கீழ் பணி செய்யும்படியும் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். பெயர் அவர்களுடையதாக இருக்கட்டும். வேலை அனுபவம் உங்கள் குழுவுக்குச் சேரும்.

ஆறாம் படி: விண்ணப்பம்

நான்கு பக்கத்துக்கு மேல் யாரும் படிப்பதில்லை. முதல் பக்கத்தில் நீங்கள் எடுத்த வீட்டுப் பட்டியலின் சுருக்கம். இரண்டாவதில் ஒரு பிள்ளையின் ஒரு நாள், காலை 8 முதல் மாலை 6 வரை. மூன்றாவதில் செலவுக் கணக்கு, எந்தத் தலைப்பை யார் தருகிறார்கள் என்ற விவரத்தோடு. நான்காவதில் எதை எப்போது அளந்து சொல்வீர்கள் என்பது.

எண்ணிக்கையில் உண்மையாக இருங்கள். 20 பேர் சேர்ந்தால் 20 பேரும் முடிப்பதில்லை. குடும்பத்தோடு திருப்பூர் போவார்கள், சிலர் கூலிக்கே திரும்புவார்கள். 14 பேர் முடித்து வேலையில் சேர்ந்தால் முடித்தவருக்கு ஆன செலவு ஏறத்தாழ 1,60,700 ரூபாய். இந்த எண்ணையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். ஆளுக்கு 1,12,500 என்று மட்டும் சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்து விளக்கம் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். வேலை தர ஒப்புக்கொண்ட மூன்று நான்கு கட்டுநர்களின் கடிதத்தை இணையுங்கள். அதில் எத்தனை பேர், என்ன வேலை, என்ன தினக்கூலி என்ற மூன்றும் இருந்தால்தான் அது கடிதம். ‘ஆதரவு தருகிறோம்’ என்ற வெறும் வாசகத்தால் பயனில்லை.

ஏழாம் படி: பணம் வரும் நாளும் பணம் தேவைப்படும் நாளும்

நிதி காலாண்டுக்கு ஒரு முறை வரும், அதுவும் தாமதமாக வரும். உதவித்தொகையோ சனிக்கிழமைதோறும் போக வேண்டும். மேலே போட்ட கணக்கில் உதவித்தொகையும் உணவும் மட்டும் மாதம் 1,25,000. குறைந்தது மூன்று மாதத்துக்கான 3,75,000 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் வைத்த பிறகே அணியைத் தொடங்குங்கள். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களிடமும், ஊர்ப் பெரியவர்களிடமும், பழைய மாணவர் சங்கத்திடமும் இந்தச் சுழல் தொகையைக் கேளுங்கள். நிதி வந்ததும் திரும்ப நிரப்பிவிடலாம் என்பதால் தயங்காமல் தருவார்கள். இரண்டு சனிக்கிழமை பணம் தவறினால் மூன்றாவது திங்கட்கிழமை பாதி அணி வராது.

எட்டாம் படி: முடித்த பிறகு ஓராண்டு

வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதம்தான் கடினமான காலம். கூலி பாக்கி, மேஸ்திரியோடு சண்டை, தங்க இடம் இல்லாமை, குடி. ஒருங்கிணைப்பாளர் முதல் மாதம் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் பேச வேண்டும். இன்னும் கட்டட வேலைதானா, கூலி எவ்வளவு, சித்தாளா கொத்தனாரா, தேர்வு எழுதியாயிற்றா, தலைக்கவசம் கொடுக்கிறார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாத அறிக்கை இந்தக் குறிப்பிலிருந்தே வந்துவிடும். புரவலர்களில் பலர் இந்த ஊதியத்தை வெட்டச் சொல்வார்கள். டைல்ஸை வெட்டுங்கள், தொடக்க விழாவை வெட்டுங்கள், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆண்டு அட்டவணை

ஜனவரி, பிப்ரவரியில் நிறுவனங்களிடம் விண்ணப்பம் கொடுங்கள். அடுத்த நிதியாண்டுக்கான திட்டத்தை அவர்கள் அப்போதுதான் யோசிப்பார்கள். மார்ச் மாதத்தில், ஆண்டு முடியும் முன் செலவழிக்க வேண்டிய மிச்சத் தொகை சிலரிடம் இருக்கும். கருவிகள் போன்ற ஒருமுறைச் செலவுக்கு அதைக் கேட்கலாம். மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வரும் வாரம்தான் வீடு வீடாகப் போக வேண்டிய வாரம். துணைத்தேர்வு எழுதக்கூடியவர்களை முதலில் அதற்கு அனுப்புங்கள். ஜூன், ஜூலையில் அணி தொடங்கட்டும், அந்த மாதங்களிலேயே தனித்தேர்வர் செய்முறைப் பதிவையும் முடித்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெளி வேலை நிற்கும் அந்த நாள்களில் படிப்பு நேரத்தைக் கூட்டி, கூரைக்கு அடியில் டைல்ஸ், பூச்சு, மின்வேலைப் பயிற்சியை வையுங்கள். பொங்கல் கழிந்து கட்டட வேலை சூடுபிடிக்கும்போது பிள்ளைகள் தளத்துக்குப் போகலாம். பொதுத்தேர்வு நாள்களுக்கு விடுப்பு உண்டு என்பதை, வேலைக் கடிதம் வாங்கும்போதே கட்டுநரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.